ஏழாம் மாடியின் அடிப்பக்கம்

கண்டிக்குப் பக்கத்துக் கெட்டம்பேயில் மகாவலி ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் கடைக்கால் தோண்டினார்கள், முப்பத்தெட்டில் முடித்தார்கள். மூலையே இல்லாமல் வளைந்த சுவர், மாடிக்கு மாடி ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கிற அரைவட்டப் பல்கனி, உள்ளே ஏறி நின்றால் தானாக மேலே தூக்கிப் போகிற கூண்டு. தோட்டத்தை விட்டு ஓய்வு பெற்ற துரைமாரும் கொழும்புப் பணக்காரரும் மாடிக்கு ஒரு குடும்பமாக இருந்து ஆற்றைப் பார்ப்பதற்காகக் கட்டினதாம். பத்திரிகையில் படம் போட்டார்கள். படம் வரைந்த வெள்ளைக்காரத் துரையின் பேர், கம்பனியின் பேர், தரைக்கு ஓடு வந்த நாட்டின் பேர் எல்லாம் எழுதினார்கள். சீமெந்தைத் தலையில் சுமந்து ஏற்றின பெண்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. மழைக்கு முளைத்த காளானா அது, தானாக எழும்பி நிற்க?

எழும்பவில்லை என்று மூக்காயியின் கழுத்துக்குத் தெரியும். இந்தக் கதை அவளுடையது. அவளுடைய தங்கை பாலம்மாவுடையதும்தான்.

மூக்காயி பிறந்தது ஹந்தானை மலையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பிராவில். பத்து வயதில் கொழுந்துக் கூடை முதுகில் ஏறியது. பாலம்மா பிறந்த ஆறாம் மாதம் தாய் போய்ச் சேர்ந்தாள். எட்டு வயது மூத்தவளான மூக்காயிதான் கஞ்சித் தண்ணீர் ஊட்டி அவளை ஆளாக்கினாள். பிறகு மூக்காயிக்குக் கல்யாணம் ஆனது. முப்பத்திரண்டில் தேயிலை விலை விழுந்து தோட்டம் ஆட்களைக் குறைத்தபோது புருஷன் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கப்பல் ஏறினான். போனவன் போனவன்தான். அக்காவும் தங்கையும் மலையை விட்டு இறங்கி, கெட்டம்பேயில் ஒரு பலகை அறைக்கு வந்தார்கள். மூக்காயி கல் உடைத்தாள், மணல் சலித்தாள், கடைசியில் இந்தக் கட்டடத்தில் தாச்சி சுமக்கச் சேர்ந்தாள். தாச்சி என்றால் கொங்கிறீட் கலவை அள்ளுகிற இரும்புச் சட்டி. நிரம்பினால் ஒரு பிள்ளையின் பாரம் இருக்கும்.

பாலம்மாவுக்கு அங்கே வேலைக்குப் பேர் கிடைக்கவில்லை. ஆள் போதும் என்று விட்டார்கள். அவள் வீடுகளில் பாத்திரம் துலக்கப் போனாள். போகிற வழியில் தினமும் கட்டடத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். வாயாடி அவள். ஆற்றுப் பக்கத்து அறை ஒன்றை நமக்குப் பேசி வை அக்கா, பல்கனியில் காலைத் தொங்கப் போட்டு ரொட்டி தின்னலாம் என்பாள். மூக்காயிக்குச் சிரிப்பு வரும். திட்டவும் செய்வாள்.

அந்த வேலைத்தலத்தில் செக்றோல் என்கிற பேர்ப் பதிவேட்டை வைத்திருந்தவர் பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். காலையில் ஆளுக்கு ஒரு நம்பர் போட்ட தகரத் துண்டு கொடுப்பார். சாயந்தரம் பேரைக் கூப்பிடுவார். பேருக்கு உரியவள் 'இந்தா' என்று குரல் கொடுத்துத் தகரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார். வெட்டின பேரைத் திரும்பப் போட மாட்டார்.

முப்பத்தாறு கார்த்திகையில் மூக்காயிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் படுத்தாள். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. என்ன செய்வது? தோட்டத்தில் எல்லாரும் செய்வதையே செய்தாள். அக்காவுக்கு முடியாவிட்டால் தங்கை அக்காவின் பேரில் மலைக்குப் போவது அங்கே புதிதா என்ன? கொழுந்து வந்தால் சரி, கூப்பிட்ட பேருக்கு ஒரு குரல் வந்தால் சரி. யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. பாலம்மா அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு, அக்காவின் சும்மாட்டை இடுக்கிக்கொண்டு போனாள். பொன்னுத்துரைக்குத் தெரியாமல் இல்லை. முகத்தைப் பார்த்தார், "மூக்காயி" என்று கூப்பிட்டார், பாலம்மா "இந்தா" என்றாள், தகரம் கொடுத்தார். இப்படி நாலு நாள் நடந்தது.

ஐந்தாம் நாள் மழை. ஆறு கலங்கிக் கரை வரை ஓடியது. ஐந்தாம் மாடிக்குச் சாரம் கட்டி, பலகை போட்டு, ஓரத்தில் தடுப்புக் கம்பு கட்டியிருந்தார்கள். காலையில் நீள இரும்புக் கம்பிகளை ஆற்றுப் பக்கமாக மேலே இழுக்க வேண்டும் என்று தடுப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார்கள். கம்பி ஏறியது. தடுப்பைத் திருப்பிக் கட்ட யாருக்கும் நேரம் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு நிறைந்த தாச்சியோடு ஈரப் பலகையில் திரும்பின பாலம்மா ஆற்றில் விழுந்தாள். அந்தத் தாச்சி மூன்றாம் மாடிச் சாரத்தில் மாட்டிக்கொண்டு தொங்கியது. அதை இறக்கிக் கழுவி, அடுத்த நாளே வேறொருத்தி தலையில் ஏற்றினார்கள். தாச்சிக்குக் கொடுத்த மரியாதை ஆளுக்கு இல்லை.

இனித்தான் கொடுமை. சாயந்தரம் மழையில் நனைந்துகொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.  பொன்னுத்துரை வழக்கம்போல் பேர்களைக் கூப்பிட்டார். "மூக்காயி" என்றார். வரிசையில் நின்ற அழகம்மா "இந்தா" என்றாள்.

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஒருத்தி ஒதுங்கப் போயிருந்தால் பக்கத்தில் நிற்கிறவள் அவளுக்காகக் குரல் கொடுப்பது தோட்டத்துப் பழக்கம். பேர் வெட்டுப்படக் கூடாது என்று பிறந்தது முதல் ஊறின பழக்கம். வாய் முந்திவிட்டது. சொன்ன பிறகுதான் அழகம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுத்துரை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தகரத்தைக் கேட்காமலே பேருக்கு நேரே கோடு போட்டார். அவ்வளவுதான். மூக்காயி என்பவள் அன்று காலை வந்தாள், முழு நாள் வேலை செய்தாள், சாயந்தரம் பத்திரமாக வீட்டுக்குப் போனாள் என்று செக்றோல் சொன்னது. கட்டடத்திலிருந்து யாரும் விழவில்லை.

மூன்றாம் நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் பாலம்மா கரை ஒதுங்கினாள். மூக்காயி காய்ச்சலோடு எழுந்து ஓடினாள். அங்கே பொன்னுத்துரை அவளுக்கு முன்னமே வந்து குடையோடு நின்றார். ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினார்.

"இஞ்ச பார், மூக்காயி. செக்றோலில நீ வேலை செய்தனி எண்டு கிடக்கு. உன்ர தங்கச்சிதான் வந்தவள் எண்டு சொன்னியெண்டால், கள்ளப் பேர் குடுத்தது நீ. உனக்கு மறியல், கம்பி எண்ண வேணும். பேர் மாத்தி வந்த மற்றப் பொம்பிளையளுக்கும் வேலை போகும். பிள்ளை குளிக்கப் போய் விழுந்திட்டாள் எண்டு சொல்லிப்போடு. செத்தவள் திரும்பி வரப்போறாளே?"

பேர் மாற்றி வருகிற பெண்கள் பதினொரு பேர். எல்லார் வீட்டிலும் அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிந்தது. மூக்காயி அவர்களை நினைத்தாள். மறியலையும் நினைத்தாள், அதை மறைப்பானேன்? மரண விசாரணைக்கு வந்த பெரிய மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். குளிக்கப் போனவள்தான் என்று மூக்காயி சொன்னாள். எழுதினார்கள். கைநாட்டு வைத்தாள். பாலம்மா குளிக்கப் போய்த் தவறி விழுந்து செத்ததாக அரசாங்கக் கடுதாசி ஆயிற்று.

அந்தப் பெருவிரலை அவள் அன்று முதல் வெறுத்தாள். சோறு பிசையும்போது அது கண்ணில் பட்டால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொன்னுத்துரை மேல், குரல் கொடுத்த அழகம்மா மேல், தடுப்பைக் கழற்றினவன் மேல், எல்லாருக்கும் மேலாகத் தன் மேல். அழகம்மா வாசலில் வந்து விழுந்து அழுதாள். மூக்காயி கதவைத் திறக்கவில்லை. மாதக் கடைசியில் பாலம்மா செத்த நாளுக்கும் மூக்காயி பேரில் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, விழுந்திருந்தது. அந்தக் காசை ஆற்றில் எறிந்துவிட்டு வந்தாள். பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டும். பாலம்மா அந்தக் கட்டடத்தில் இருந்து விழுந்தாள் என்று கம்பனிக்காரர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். நட்டஈடு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பொய்யைத் திருப்பி எடுக்க வேண்டும்.

அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று பொன்னுத்துரைக்குப் பயம். அதனால் தாச்சியை இறக்கிவிட்டு இலேசான வேலை கொடுத்தார். கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன் அடியில் பலகை அடிப்பார்கள். கொங்கிறீட் பலகையில் ஒட்டாமல் இருக்க அதற்கு எண்ணெய் பூச வேண்டும். பழைய இஞ்சின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த கறுப்பு எண்ணெய், ஒரு வாளி, ஒரு சாக்குத் துண்டு. வழுக்கும் என்று அந்த நேரம் வேறு யாரும் பலகையில் ஏற மாட்டார்கள். மூக்காயி தனியாக மண்டிபோட்டுப் பூசுவாள். வாயை மூட வைக்கக் கொடுத்த வேலை. அதுதான் பொன்னுத்துரை செய்த பெரிய பிழை.

பலகை வேலைக்குப் பெரியவர் கிறகரி பாஸ். பாஸ் என்றால் மேஸ்திரி. அம்பிட்டியவில் மாதா கோவிலுக்குப் பக்கத்தில் வீடு. தச்சு வேலையில் கெட்டிக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் மூக்காயி எண்ணெயை அள்ளி ஊற்றுவதைப் பார்த்துவிட்டு அதட்டினார். அளவுக்கு மேல் பூசினால் கொங்கிறீட் எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு அதன் மேல் சாந்து பூசினால் பிடிக்காது, சுண்ணாம்பும் நிற்காது, ஒரு மழைக்கு உதிர்ந்துவிடும் என்றார். மூக்காயி தலையாட்டிக்கொண்டாள். கேட்டதை மறக்கிறவள் இல்லை அவள்.

பலகை கழற்றும் நாட்களில் இன்னொன்றையும் பார்த்தாள். பலகையில் ஒரு சுள்ளி கிடந்தால் கொங்கிறீட்டின் அடியில் அந்தச் சுள்ளியின் தடம் பள்ளமாக விழுந்திருக்கும். ஒரு முறை யாரோ வெற்றிலைக் காம்பைத் துப்பிவிட்டுப் போயிருந்தான். அதுகூட நான்காம் மாடியின் அடியில் பதிந்து கிடந்தது. வெற்றிலைக் காம்புக்கு இந்தக் கட்டடத்தில் அடையாளம் இருக்கிறது, என் தங்கச்சிக்கு இல்லை என்று நினைத்தாள். 

முப்பத்தேழு ஆடியில் ஏழாம் மாடிப் பல்கனிக்குப் பலகை அடித்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய பல்கனி அது. பாலம்மா விழுந்த இடத்துக்கு நேர் மேலே, ஆற்றை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. அடிப்பக்கத்துக்குச் சாந்து வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் போதும் என்று படம் வரைந்த துரை சொல்லியிருந்தார். அன்று சாப்பாட்டு நேரத்தில் மூக்காயி கிறகரியிடம் போய், ஒரு கடுதாசியில் பாலம்மா என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். எழுத்து மூன்றடி உயரம் வரவேண்டும், பெரிய கடுதாசியாக எடுங்கள் என்றாள்.

கிறகரி அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார். என்ன செய்யப்போகிறாள் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பலகையோடு சீவித்தவர் அல்லவா. உளியைக் கீழே வைத்தார். 

"மூக்காயி, அண்டைக்குக் காலையில அந்தத் தடுப்பக் கழட்டினது நான்தான். கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன். திருப்பிக் கட்டியிருக்கணும். கட்டல்ல. எட்டு மாசமா நான் பூசைக்குப் போறேன், சாமியார் குடுக்கிற நன்மை அப்பத்த வாங்கல்ல. என்னை மன்னிச்சிரு."

எட்டு மாதம் ஒரே சாரத்தில் ஏறி இறங்கி, ஒரே குடத்தில் தண்ணீர் குடித்த மனிதன். இன்றைக்குச் சொல்கிறார். மூக்காயிக்கு அவரை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாம் போல் இருந்தது. 

"மன்னிப்ப ஒங்க சாமியார்கிட்ட கேளுங்க பாஸ். எனக்கு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். சீமெந்துப் பையின் கடுதாசியை வெட்டி ஒட்டி, தச்சுப் பென்சிலால் எழுத்துக்கு ஒரு தாளாக எழுதினார். இதை அப்படியே பலகையில் வைத்தால் கொங்கிறீட்டில் இடம் வலம் மாறி வரும், திருப்பி வைக்க வேண்டும், உனக்கு எழுத்துத் தெரியாதே என்று கவலைப்பட்டார். மூக்காயி தாளை எண்ணெய் வாளியில் முக்கி எடுத்தாள். எண்ணெய் குடித்த கடுதாசி கண்ணாடி மாதிரி ஆயிற்று. பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள். எழுத்து மறுபுறமாகத் தெளிவாகத் தெரிந்தது. எண்ணெயை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

அடுத்த நாள் காலையில் ஏழாம் மாடிப் பலகையில் அவள் மட்டும்தான் இருந்தாள். சுண்டுவிரல் கனத் தும்புக் கயிறு ஒரு சுருள், சின்ன ஆணி ஒரு பொட்டலம். தாளைக் கவிழ்த்துப் போட்டு, கோட்டின் மேல் கயிற்றைப் பதித்து, ஆணி அடித்து, தாளைக் கிழித்து எடுத்தாள். வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தாக. எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத அந்தக் கோடுகள்தான் தங்கை என்று மட்டும் தெரியும். முடிந்ததும் அந்த இடம் முழுக்க ஒரு முறைக்கு மூன்று முறை எண்ணெய் பூசினாள். கயிறும் பலகையும் ஒரே கறுப்பாய்ப் போயின. ஆத்திரத்தில் பூசினாள், அழுதுகொண்டும் பூசினாள்.

கம்பி கட்டுகிறவர்கள் வருவதற்கு முன் பலகையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் கிறகரி. வந்தார், குனிந்து பார்த்தார். கடைசி எழுத்தின் நுனி ஆணி விட்டுக் கிளம்பியிருந்தது. மடியில் இருந்து ஒரு ஆணி எடுத்தார், அடித்து இறுக்கினார், கீழே பார்த்துச் சரி என்று கத்தினார். கம்பி ஏறியது. கொங்கிறீட் ஏறியது.

இருபத்தெட்டு நாள் கழித்துப் பலகை கழற்றினார்கள். அன்று கண்டிப் பெரஹரா ஊர்வலத்தின் கடைசி நாள், கெட்டம்பேயில் ஆற்று நீரை வாளால் வெட்டுகிற சடங்கு நாள். கரை முழுக்கச் சனம். ஹந்தானை, கலஹாத் தோட்டங்களில் இருந்தும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பெரஹரா போன பிறகும் கூட்டம் கலையவில்லை. பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஹைதீன் நாநா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். பாலம்மா என்று உரக்கச் சொன்னார். யார் இந்தப் பாலம்மா, கட்டடத்துச் சொந்தக்காரியா என்று கேட்டார்.

கூட்டத்தில் தாச்சிப் பெண்களும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அழகம்மாதான் முன்னுக்கு வந்து மூக்காயியைக் காட்டினாள். ஒன்பது மாதம் மூக்காயியின் மூடின கதவைப் பார்த்தவள்.

"இவ தங்கச்சி. அந்த அஞ்சாம் மாடியில இருந்து விழுந்தா. அன்னைக்குச் சாயந்தரம் அவளுக்கு 'இந்தா'ன்னது நான்தான். கிளாக்கர் ஐயா கோடு போட்டாரு."

பிறகு மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். கரையில் இருந்து ரோட்டுக்கும், ரோட்டில் இருந்து கலஹா பஸ்ஸுக்கும் கதை ஏறிவிட்டது. அன்று சாயந்தரம் அழகம்மாவுக்கு மூக்காயி கதவைத் திறந்தாள். இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கம்பனி விசாரணை வைத்தது. பொன்னுத்துரை வெளிறிப் போய் நின்றார். கம்பனித் துரை மேசையில் குத்தினார். நான்தான் செய்தேன் என்று மூக்காயி கேட்காமலே சொன்னாள். பலகைக்குச் சரி சொன்னது நான் என்றார் கிறகரி. பொலிசைக் கூப்பிடு என்று துரை கத்தினார். பொன்னுத்துரை அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார்? பொலிஸ் வந்தால் பாலம்மா யார் என்றுதானே முதலில் கேட்கும். பொலிசைக் கூப்பிடவில்லை. மூக்காயியின் பேரையும் கிறகரியின் பேரையும் அழகம்மாவின் பேரையும் வெட்டினார்கள், அதோடு சரி. கிறகரி அம்பிட்டியவில் கதவு, ஜன்னல் செய்யப் போனார். அழகம்மா மணல் சலிக்கப் போனாள். மூக்காயியை முஹைதீன் நாநா கடையில் அடுப்புக்கு வைத்துக்கொண்டார்.

அந்தக் கடை அடுப்படியில் இருந்து பார்த்தால் ஏழாம் மாடியின் அடிப்பக்கம் நேரே தெரியும். ஆற்றின் மேல் சாரம் தொங்கவிட்டு எழுத்துப் பள்ளத்தைச் சாந்தால் அடைத்தார்கள், சுண்ணாம்பும் அடித்தார்கள். ஐப்பசி மழைக்குச் சாந்து பொத்தென்று ஆற்றில் விழுந்தது. பாலம்மா திரும்ப வந்தாள். மறுபடி பூசினார்கள். அடுத்த மழைக்கு மறுபடி விழுந்தது. கொத்தி எடுக்கலாம் என்றால், அடியில் கொத்தினால் பல்கனிக்கே ஆபத்து என்று இஞ்சினியர் கை விரித்துவிட்டார். குடி வந்த துரைசானிமார் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள்தான். அவர்களுடைய ஆயாமாரும் சமையல்காரக் கோக்கிமாரும் வாசித்துச் சொன்னார்கள். மாடி வீடுகளில் மூன்று காலியாகிக் கிடந்தன. கலஹா பஸ்காரன் அந்த இடத்தில் நிறுத்தும்போது "பாலம்மா மாடி இறங்கு" என்று கத்தினான். மூக்காயிக்கு அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் ஆறவில்லை. பஸ்காரன் சொல்லி என்ன? சொல்ல வேண்டியவன் சொல்லவில்லையே. கடுதாசியில் பாலம்மா இன்னும் குளிக்கத்தானே போயிருக்கிறாள்.

முப்பத்தெட்டு மார்கழியில் ஒரு நாள் காலையில் பொன்னுத்துரை கடைக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். இந்தப் பேரை அழித்துத் தராவிட்டால் உன் பேர் இருக்காது என்று கம்பனி சொல்லிவிட்டதாம். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குடையை மடக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். அன்று மரத்தடியில் 'நீ' என்று பேசின மனிதன் இன்று 'நீங்கள்' என்றார்.

"அந்த எழுத்தை எப்பிடி எடுக்கிறதெண்டு உங்களுக்குத்தான் தெரியும் எண்டு கிறகரி சொல்லுறான். ஒருக்காச் சொல்லுங்கோ."

மூக்காயி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. எந்த எழுத்து என்றாள். மேலே இருக்கிற பேர் என்றார் அவர். யாருடைய பேர் என்றாள். பாலம்மாவுடைய பேர் என்றார்.

"எந்தப் பாலம்மா? குளிக்கப் போய் ஆத்தோட போனாளே, அவளா?"

பொன்னுத்துரை கடையைச் சுற்றிப் பார்த்தார். கோப்பைகள் கீழே இறங்கியிருந்தன. ஒருவரும் குடிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"அடுப்படியில இருக்கேன் ஐயா, காது கேக்கல. நானும் கைநாட்டு வச்சவதான். என் பொய்ய நான் அங்க மேல எழுதித் திருத்திட்டேன். ஒங்க பொய்ய நீங்க வாயால திருத்துங்க. சத்தமா."

வாசலில் ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. அவர் அதுவரைக்கும் குடையின் கம்பியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"எங்கட கட்டிடத்தில, அஞ்சாம் மாடியில இருந்து விழுந்து செத்த பாலம்மா. அண்டைக்கு அவள் வேலைக்கு வந்தவள். எனக்குத் தெரியும். நான்தான் தகரம் குடுத்தனான்."

கடையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். முஹைதீன் நாநா கேட்டார், ரோட்டில் போன மணல்காரனும் நின்று கேட்டான். மூக்காயி திரும்பினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதனை நேரே பார்த்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், பெருவிரலையும் சேர்த்து.

"எண்ணெ குடிச்ச கொங்கிறீட் அது. ஒண்ணும் பிடிக்காது, ஒண்ணும் நிக்காது. அந்தப் பேரு போகணும்னா கட்டடத்த இடிச்சாத்தான் போகும்."

சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பி, கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை இறக்கினாள்.